விரைந்து வருவோர் கவனத்திற்கு

டாக்டர் அந்தச் சொல்லை இவ்வளவு சர்வசாதாரணமாகப் போட்டு உடைப்பார் என்று டிப்போ மேனேஜர் எதிர்பார்க்கவில்லை.

"ஓடணும்," என்றார் டாக்டர்.

மேனேஜர் மனைவியைப் பார்த்தார். மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

"யாரு?" என்று குரலை இறக்கிக் கேட்டார் மேனேஜர்.

"யாரா? நீங்கதான் சார். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், மூணும் உள்ளே கூட்டணி வச்சிருக்கு. காலையில எழுந்து ஓடுங்க. எடுத்ததுமே பந்தயம் மாதிரி வேண்டாம். கொஞ்சம் ஓடுங்க, மூச்சு வாங்குனா நடங்க, மறுபடி ஓடுங்க. பக்கத்துல ஒரு ஆள் வந்தா அவர்கூடப் பேசிக்கிட்டே ஓடுற வேகம் போதும். பேச்சு வரலைன்னா வேகம் அதிகம்னு அர்த்தம். உங்க இதயத்துக்கு அது ஆகாது. புரியுதா?"

புரியாமல் என்ன? ஒரே மூச்சில் அந்த மனிதர் எத்தனை தடவை சொல்லிவிட்டார்! மேனேஜர் வீட்டில் மூன்று வருடமாக அந்தச் சொல் ஒரு தடவைகூட ஒலித்ததில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவருடைய ஒரே மகள், அவருடைய டிப்போவிலேயே வேலை பார்த்த ஒரு டிரைவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். 'மேனேஜர் பொண்ணு ஓடிப்போச்சாம்' என்று தெரு சொன்னது. உண்மையில் அவள் ஓடவே இல்லை. பட்டப்பகலில், பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்று சொல்லி, கதவையும் சாத்திவிட்டு நடந்துதான் போனாள். ஆனால் நடந்துபோனாள் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு என்ன ருசி?

அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு வீட்டில் தடை. எழுத்துமூலமாக உத்தரவு எதுவும் இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது மனைவி "மூக்கு ஓடுது" என்று சொல்லிவிட்டாள். அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அவ்வளவுதான். பிறகு அந்த வீட்டில் மின்விசிறி சுற்றியது, கடிகாரம் நகர்ந்தது, மூக்கில் தண்ணீர் வந்தது. முட்டை ஓடுகூட முட்டைத்தோல் ஆயிற்று. முட்டை ஆட்சேபிக்கவில்லை.

டிப்போவில்தான் சங்கடம். பேருந்துக்கு ஓடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. "இன்னிக்கு எத்தனை வண்டி ஓடுது?" என்று கேட்காமல் அங்கே பொழுது விடியாது. மேனேஜர் 'இயங்குது' என்பதைக் கொண்டுவந்தார். 'ஓட்டுநர் ஓய்வறை' என்ற பலகையை அழித்து 'வாகன இயக்குநர் ஓய்வறை' என்று எழுதவைத்தார்.

"டேய், நாம எல்லாரும் டைரக்டர் ஆயிட்டோம்டா," என்றார் ஒரு டிரைவர். "ஹீரோயின் எங்கே?"

"ஹீரோயினைத்தான் ஒரு டைரக்டர் கூட்டிட்டுப் போயிட்டானே."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மேனேஜருக்கு அவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ஏர்ஹாரன். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்து சேர்ந்துவிடும்.

மகள் விஷயத்தை அவர் ஒரு விபத்தைப் போலவே விசாரித்தார். விபத்து எங்கே ஆரம்பித்தது? முனை நிறுத்தத்தில். அவள் வேலைக்குப் போன நாட்களில் தினமும் தாமதமாகக் கிளம்பி, புறப்பட்ட வண்டியின் பின்னால் ஓடி வருவாளாம். அந்த டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்துவானாம். இப்படித் தினமும். ஆக, வண்டி நிற்காமல் போயிருந்தால் மகள் வீட்டோடு இருந்திருப்பாள் என்ற முடிவுக்கு மேனேஜர் வந்தார். அதன் பலன், எல்லாப் பேருந்துகளிலும் டிரைவர் தலைக்கு மேலே ஒட்டப்பட்ட சுற்றறிக்கை:

'விரைந்து வருவோர் கவனத்திற்கு. நிறுத்தத்தை விட்டுப் புறப்பட்ட பேருந்து, பின்னால் விரைந்து வரும் எவருக்காகவும், எக்காரணம் கொண்டும் நிறுத்தப்படமாட்டாது. இப்படிக்கு, மேலாளர்.'

அதில்கூட அந்தச் சொல் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சுற்றறிக்கை போட்டதோடு விட்டுவிடுகிற ஆளா அவர்? அவ்வப்போது தாமே குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு, புறப்பட்ட வண்டிக்குப் பின்னால் நாலு எட்டு விரைந்து பார்ப்பார். இரக்கப்பட்டு நிறுத்திய டிரைவருக்கு மெமோ. நிறுத்தாமல் போனவருக்கு அறிவிப்புப் பலகையில் பாராட்டு. மகளைக் கட்டிக்கொண்ட அந்த ஒருவனுக்கு மட்டும் விடியற்காலை முதல் வண்டி, நிரந்தரமாக. அவனை வேலையிலிருந்து நீக்க மேனேஜருக்கு அதிகாரம் இல்லை. தூக்கத்திலிருந்து நீக்க இருந்தது. அவன் பெயர் வருகிற காகிதம் எதுவானாலும், பெயர் தெரியாமல் மடித்துத்தான் மேஜைக்கு வரவேண்டும் என்பது கூடுதல் ஏற்பாடு.

இப்படிப்பட்டவரைப் பார்த்துத்தான் டாக்டர் ஓடச் சொன்னார்.

"காலை இயக்கம்னு சொல்லிக்கலாம்," என்றார் மேனேஜர், வீட்டுக்கு வரும் வழியில்.

"சொல்லிக்கலாம்," என்றாள் மனைவி. "காலுக்கா தெரியப்போகுது?"

ஷூ வாங்கினார். கடைக்காரன் அவர் காலில் மாட்டியது பளபளவென்று மஞ்சள் பட்டை போட்டது. "இருட்டுல வண்டிக்காரங்களுக்குத் தெரியும் சார்" என்று அவன் சொன்னது மேனேஜருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வாங்கினார். கீழ்வீட்டுக்காரர் மறுநாளே மனைவியைப் பிடித்துக்கொண்டார். "சார் ஏதோ இயக்கத்துல சேர்ந்துட்டாராமே? எந்த இயக்கம்? இந்த வயசுல போராட்டம், மறியல்னு எதுக்கும்மா?"

முதல் நாள், ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை. அவ்வளவுதான் முடிந்தது. தொப்பை அவருக்கு முன்னால் போய்விட்டுத் தாமதமாகத் திரும்பிவந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். தெருவே தன்னை வேடிக்கை பார்க்கும் என்று பயந்துதான் இருட்டோடு கிளம்பியிருந்தார். ஒரு நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது.

பேசிக்கொண்டே ஓட வேண்டும் என்று டாக்டர் சொன்னாரே, யாரோடு பேசுவது? அவரோடு பேசுகிறவர்கள் எல்லோரும் சம்பளத்துக்காகப் பேசுகிறவர்கள். வேகத்தைச் சோதிக்க வேறு வழியில்லாமல், தமக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். "விரைந்து வருவோர் கவ..." அதற்குள் மூச்சு போய்விட்டது.

அடுத்தடுத்த நாட்களில் கம்பங்கள் கூடின. நடந்து, ஓடி, நடந்து, ஓடி, மருந்துக்கடை முனை வரை போகப் பழகினார். ஒரு காலையில், சுற்றறிக்கைக்குப் பதிலாக வாயில் வேறு என்னவோ வந்துகொண்டிருப்பதைக் கவனித்தார். கேட்டுப் பார்த்தால் அது மகளிடம் பேசுகிற பேச்சு.

"நடந்த நிகழ்வுகளை முழுமையாகப் பரிசீலித்ததில், உன் தரப்பிலும் சில நியாயங்கள் இருக்கக்கூடும் என்று கருதுவதால், இத்துடன் இவ்விஷயத்தை..."

இவ்வளவு நீளத்துக்கு ஓட முடியாது. அடுத்த நாள் 'பரிசீலித்ததில்' போயிற்று. அதற்கடுத்து 'உன் தரப்பிலும்' போயிற்று. வாழ்க்கையில் எந்த அதிகாரியும் வெட்டத் துணியாத மேனேஜரின் வாக்கியத்தை அவருடைய நுரையீரல் வெட்டிக்கொண்டே வந்தது. சில வாரங்களில் "நான் கோபத்துல இருந்துட்டேன்மா, நீ நல்லா இருக்கியா" என்று ஆயிற்று. பிறகு அதிலும் முன்பாதி கழன்று விழுந்தது. "நல்லா இருக்கியாம்மா" மட்டும் மிஞ்சியது. அதைச் சொல்லிக்கொண்டு மருந்துக்கடை வரைக்கும் நிற்காமல் போக முடிந்தது.

அந்த நேரத்தில் சாலையில் வரும் வண்டி ஒன்றே ஒன்றுதான். டிப்போவிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் முதல் வண்டி. அதை ஓட்டுவது யார் என்பதை இவரே ஏற்பாடு செய்திருந்தார் அல்லவா? முதல் சில நாட்கள், எதிரே வெளிச்சம் தெரிந்ததுமே மேனேஜர் சுவர்ப்பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த குழாய்க் கிணறு விளம்பரத்தைக் கவனமாகப் படித்தார். வண்டி அவரைக் கடக்கும்போது விளக்கைத் தாழ்த்தும். வேகத்தையும் குறைக்கும். ஹாரன் அடிக்காது. கடந்த பிறகுதான் விளக்கு நிமிரும். ஒவ்வொரு நாளும் அப்படியே. அந்த மரியாதை யாருக்கு என்று தெரியாத ஆள் போல அவர் விளம்பரத்தைப் படித்துக்கொண்டே இருந்தார். பின்னர் படிப்பதை நிறுத்திவிட்டு, நேரே பார்த்தபடி ஓடினார். அதற்குமேல் ஒரு தலையசைப்பு வரைக்கும் போகலாம் என்று தீர்மானித்து, எந்த நாள் என்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

ஒருநாள் வண்டி விளக்கைத் தாழ்த்தவில்லை. கண்ணைக் கூசவைத்துவிட்டுப் பறந்தது.

"முதல் வண்டியில... இயக்குநர் மாறிட்டாரா?" என்று ஃபோர்மேனிடம் கேட்டார், ஏதோ டயரைப் பற்றிக் கேட்பதுபோல.

"ஆமா சார். மாற்றல் கேட்டு எழுதியிருந்தான். ரயில்ல ஒரு ராத்திரி ஒரு பகல் போகணும், அங்கே ஒரு டிப்போ. நேத்தே கிளம்பிட்டான்."

"யார் அனுமதிச்சது?"

ஃபோர்மேன் கையைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். "நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டீங்க. மடிச்சுத்தான் வச்சிருந்தோம்."

அன்று சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க. நாளைக்குக் காலையில முதல் வண்டியில அவளும் கிளம்புறா. குழந்தையோட. ஸ்டேஷனுக்கு."

மேனேஜர் செய்தித்தாளை இறக்கவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்கலை."

"வாராவாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேனே. என் கண்ணுல என்ன கோளாறு இருந்துச்சாம்?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இப்போ கண்ணு எப்படி இருக்கு?"

"இதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நாளையிலிருந்து கெட்டுடும்." ஒரு தலையணை உறையை உதறினாள். "பிள்ளைக்கு அப்படியே உங்க காது. கத்துறதும் உங்களை மாதிரிதான். நான் மதியமே பார்த்து அழுதுட்டு வந்துட்டேன். அவ இருக்கிற பக்கம் முதல் வண்டி வராது, முனை நிறுத்தத்துலதான் வந்து ஏறுவா. போய் ஒரு வார்த்தை பேசுங்க."

"நான் எதுக்குப் போகணும்? நான் என் பயிற்சிக்குப் போவேன். வழியில யாராவது நின்னா அது என் குத்தமா?"

"சரி. குத்தமில்லாமலே போய்ப் பாருங்க."

விடிவதற்கு முன் எழுந்து முகச்சவரம் செய்தார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினார். ஓடப்போகிற மனிதனுக்கு இஸ்திரி எதற்கு என்று மனைவி கேட்கவில்லை. பித்தான் ஒன்று மாறிப்போயிருந்ததை மட்டும் சரிசெய்தாள்.

தூரத்திலிருந்தே தெரிந்தது. முனை நிறுத்தத்தின் விளக்குக்குக் கீழே இரண்டு பெட்டிகள், ஒரு பெரிய பை, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். மெலிந்திருந்தாள். அல்லது இவர் மனதில் இருந்தவள் மூன்று வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாளோ என்னவோ.

திட்டம் எளிமையானது. அவர் பாட்டுக்குப் பயிற்சியில் வருவார். அவள் பார்ப்பாள். "அப்பா" என்பாள். அவர் அப்போதுதான் கவனித்ததுபோல நிற்பார். "நல்லா இருக்கியாம்மா" என்பார். எல்லாம் தற்செயல். யாரும் யாரையும் தேடி வரவில்லை.

தலையை நிமிர்த்தி, பேச்சு வருகிற வேகத்தில் வந்தார். நிறுத்தத்தை நெருங்கியபோது குழந்தையின் காலிலிருந்து ஒரு செருப்பு கீழே விழுந்தது. அவள் குனிந்தாள். அவள் நிமிர்வதற்குள் அவர் கடந்துவிட்டார்.

அங்கேயே நின்றிருக்கலாம். திரும்பிப் பார்த்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் பயிற்சியில் இருக்கிற மனிதன் காரணமில்லாமல் நின்றால் அது தற்செயல் ஆகுமா? மருந்துக்கடை முனை வரை போனார். மூச்சு இரைத்தது; படபடப்பில் வேகம் கூடியிருக்க வேண்டும். இந்த மூச்சோடு போனால் வாக்கியம் வராது. பூட்டிய கடை வாசலில் முன்னும் பின்னும் நடந்து மூச்சைச் சரிசெய்தார். ஒருமுறை சொல்லியும் பார்த்தார். வந்தது.

திரும்பினார். அதற்குள் முதல் வண்டி அவரைக் கடந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டது. முதல் வண்டி ஒரு நாளும் தாமதிக்காது. தாமதித்தால் என்ன நடக்கும் என்று அந்த டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். பெட்டி ஏறியது, இன்னொரு பெட்டி ஏறியது, பை ஏறியது, அவள் ஏறினாள். விசில் சத்தம் கேட்டது.

மேனேஜர் ஓடினார்.

இதற்குமுன் ஓடியதெல்லாம் ஓட்டமே இல்லை என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. கம்பங்கள் பின்னால் போயின. வண்டி இன்னும் வேகம் பிடிக்கவில்லை. கை நீட்டினார், பின்பக்கத் தகரத்தின் புழுதி விரலில் ஒட்டியது. பின்கண்ணாடியில் அம்மாவின் தோளுக்கு மேலாக ஒரு குழந்தை அவரைப் பார்த்தது. ஆமாம், காது அதே காதுதான். வாயைத் திறந்தார். நல்லா இருக்கியாம்மா என்பது வேண்டாம், அம்மா என்றாவது, ஏய் என்றாவது. காற்று மட்டும்தான் வந்தது. பேச்சு வராத வேகம் அது. டாக்டர் சொல்லியிருந்தார்.

கண்டக்டரின் முகம் பின்கண்ணாடிக்கு வந்தது. அவரைப் பார்த்ததும் விறைப்பாக நிமிர்ந்தது. ஒரு சல்யூட் அடித்தது. பிறகு விசில் இரண்டு முறை ஒலித்தது. வண்டி சீறிக்கொண்டு வளைவில் திரும்பியது.

சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். நெஞ்சுக்குள் என்னவோ இடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று சிறிது நேரம் எதிர்பார்த்தார். நிற்கவில்லை.

அலுவலகத்துக்குப் போனார். வேறு எங்கே போவது? முதல் வண்டியின் கண்டக்டர், சேர்ந்து ஒரு மாதம் ஆகாத இளைஞன், அறை வாசலில் சிரித்த முகமாகக் காத்திருந்தான்.

"நிறுத்தலை சார்!"

மேனேஜர் அவனைப் பார்த்தார்.

"காலையில டெஸ்ட் வச்சீங்கல்ல சார். இயக்குநர் அண்ணன் கண்ணாடியில பார்த்துட்டு 'யாரோ ஓடி வர்'... மன்னிக்கணும் சார், 'விரைந்து வர்றாங்க, பாவம், நிறுத்தட்டுமா'ன்னார். நான் எட்டிப் பார்த்தேன். நீங்க! 'அண்ணே, ஏர்'... மறுபடியும் மன்னிக்கணும் சார், 'மேனேஜர் சார் டெஸ்ட் வைக்கிறார், மிதிங்க'ன்னேன். குடை இல்லாம வந்தாலும் நாங்க ஏமாறுவோமா?"

மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார் மேனேஜர். "வண்டிக்குள்ள... யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அதை ஏன் கேக்கறீங்க! ஒரு அம்மா சார், கைப்பிள்ளையோட. ஒரே ரகளை. 'நிறுத்துங்க, நிறுத்துங்க, அது எங்கப்பா'ன்னு கத்துறாங்க. வண்டியை நிறுத்த என்னென்ன பொய் சொல்றாங்க பாருங்க சார்! எங்கப்பாவாம்! நான் மசியலையே. டிரைவர் தலைக்கு மேல கையைக் காட்டி, 'எவருக்காகவும்னு போட்டிருக்கு, படிங்கம்மா'ன்னேன்."

"படிச்சாளா?"

"படிச்சாங்க சார். ரெண்டு தடவை படிச்சாங்க. கீழ உங்க பதவி வரைக்கும். அப்புறம் உக்காந்துட்டாங்க. ஸ்டேஷன் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. சட்டம்னா அடங்கித்தானே ஆகணும்?"

வெளியே யாரோ ஒரு இன்ஜினை உறுமவிட்டு அணைத்தார்கள்.

"சார்," என்றான் கண்டக்டர் தயங்கியபடி, "பாராட்டு போர்டுல பேர் வருமா சார்? எங்க வீட்டுல காட்டணும்."

வந்தது. மேனேஜரே சாக்கட்டியை எடுத்துத் தம் கையாலேயே எழுதினார். 'எக்காரணம் கொண்டும் நிறுத்தாமல் சென்றமைக்காக.' எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது என்று ஃபோர்மேன் பிற்பாடு சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது இஸ்திரி கலைந்த சட்டையும் மஞ்சள் பட்டை ஷூவும் அப்படியே இருந்தன. மனைவி வாசலிலேயே நின்றாள்.

"பேசினீங்களா?"

நாற்காலியில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றக் குனிந்தார், பாதியில் விட்டுவிட்டார்.

"வண்டி ஓடிப்போச்சு," என்றார்.

மனைவிக்கு ஒரு கணம் எதுவும் ஓடவில்லை. மூன்று வருடமாக அந்த வீட்டில் இல்லாத சொல், அவர் வாயாலேயே வந்து நடுக்கூடத்தில் விழுந்திருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"ரயில்லதான் இருப்பா. போட்டுத் தரட்டுமா?"

"மூச்சு வாங்குது. கொஞ்சம் பொறு."

ஓடி முடித்து முழுப் பகல் போயிருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. பொறுத்தாள். வெளியே இருட்டத் தொடங்கியது. போனின் மேல் கை போகவில்லை. கடைசியில், சமையலறைக்குப் போக எழுந்தவள் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஃபேன் ஓடட்டுமா, நிறுத்தட்டுமா?"

அவர் மேலே நிமிர்ந்து பார்த்தார்.

"ஓடட்டும்," என்றார்.